'டூ லெட்' படமும் வாடகைச் சட்டமும்: திருச்சியிலிருந்து சில குறிப்புகள்

செழியன் இயக்கிய 'டூ லெட்' தியேட்டருக்கு வந்தது 2019 பிப்ரவரி 21. தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் அமலுக்கு வந்தது 2019 பிப்ரவரி 22. ரெண்டுமே 2017-ஆம் வருடத்துச் சரக்கு. படம் அந்த வருடத்தின் சிறந்த தமிழ்ப்படமாகத் தேசிய விருது வாங்கியது. சட்டத்தின் பெயரிலேயே 2017 இருக்கிறது: 'தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017'. மூச்சு வாங்கும் பெயர்.

தேதிகள் அடுத்தடுத்து விழுந்தது தற்செயல். ஆனால் அதைக் கவனித்த பிறகு ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கலாமே என்று தோன்றியது. படத்தை மூன்றாவது முறையாகப் பார்த்தேன். சட்டத்தை முதல் முறையாக முழுசாகப் படித்தேன். இடையில் எங்கள் வீட்டு வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படித்தேன். ஒன்பது வருடமாகத் திருச்சியில் வாடகைக்கு இருக்கிறேன். உறையூர், புத்தூர், கே.கே. நகர், இப்போது திருவானைக்காவல் என்று நாலு வீடு. ஆகவே இது சினிமா விமர்சகர் எழுதும் விமர்சனம் இல்லை, குடித்தனக்காரன் எழுதும் விமர்சனம்.

படம் பார்க்காதவர்களுக்காக ரெண்டு வரி. 2007, சென்னை. சினிமாவில் ஒரு இடத்தைப் பிடிக்கப் போராடும் இளங்கோ, அவன் மனைவி அமுதா, சின்னப் பையன் சித்தார்த். வீட்டுக்கார அம்மா காலி பண்ணச் சொல்லிவிடுகிறார். ஐ.டி. வேலைக்காரர்கள் வந்து இறங்கி வாடகை ஏறிய காலம். புருஷனும் பெண்டாட்டியும் வண்டியில் வீடு தேடி அலைகிறார்கள். படம் பூராவும் அந்த அலைச்சல்தான்.

இதைப் பாராட்டி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒத்துக்கொள்ளும் பாராட்டு ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். பின்னணி இசை கிடையாது. அதனால் வீட்டின் சத்தம் கேட்கிறது. ஒரு சின்ன போர்ஷனில் குடியிருந்தவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானது. மாடிப்படியில் யாரோ ஏறி வருகிற செருப்புச் சத்தத்தை வைத்தே அது ஓனர் அம்மாவா, பால்காரரா என்று நமக்குத் தெரிந்துவிடும். ஓனர் என்றால் பேச்சைத் தாழ்த்திக்கொள்வோம். யாரும் சொல்லிக்கொடுத்து வந்த பழக்கம் இல்லை. இந்தப் படத்தில் மனிதர்கள் அந்தத் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொள்கிறார்கள். அதே மாதிரி, இவர்கள் இன்னும் குடியிருக்கும்போதே அடுத்த குடித்தனக்காரர்கள் வீடு பார்க்க உள்ளே வரும் காட்சிகள். கேமரா எதையும் பெரிசுபடுத்துவதில்லை. அந்நியர்கள் நம் சமையலறையை எட்டிப் பார்த்து "காத்து வருமா?" என்று நம்மையே கேட்கும்போது என்ன முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நிற்போம் இல்லையா, அந்த முகம் அமுதாவாக நடித்த ஷீலா ராஜ்குமாரிடம் அப்படியே இருக்கிறது.

இனி என் புகார்.

படம் தன் கதைக்குச் சொல்லும் காரணம் ஐ.டி. வளர்ச்சி. 2007-ல், சென்னையில், கையில் பணம் அதிகமாக இருந்தவர்கள் வந்தார்கள், வாடகை ஏறியது, பழையவர்கள் துரத்தப்பட்டார்கள். பொருளாதாரமாக இது தப்பில்லை. ஆனால் திருச்சியில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு ஒரு சந்தேகம் வரும். இங்கே அப்படி ஒரு அலை அடிக்கவில்லையே? நவல்பட்டில் ஒரு ஐ.டி. பூங்கா உண்டு, அவ்வளவுதான். பெல், ரயில்வே, கல்லூரிகள், ஆஸ்பத்திரிகள் என்று பல வருடமாக அதே மாதிரி வேலைகளை நம்பி ஓடுகிற ஊர். அலை அடிக்காத ஊரிலும் அதே கேள்விகள் எப்படி வருகின்றன? இளங்கோவிடம் கேட்கப்படும் சாதி, மதம், சாப்பாடு, தொழில் பற்றிய விசாரணை ஐ.டி. கம்பெனிகள் கொண்டுவந்தது இல்லை. அதற்கு முன்பும் இருந்தது, அவர்கள் வராத ஊரிலும் இருக்கிறது. பட்டணத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தால் படம் தரும் காரணம் விழுந்துவிடுகிறது, காட்சிகள் மட்டும் அப்படியே நிற்கின்றன. செழியனின் கண் சொல்வது சரி. அவர் எழுதிய முன்னுரைதான் சரியில்லை என்பேன்.

இங்கே விசாரணை ஒரு வரிசையில் நடக்கும். "எத்தனை பேரு?" முதல் கேள்வி. தண்ணீர்க் கணக்குக்காக. "எங்க வேலை?" ரெண்டாவது. வாடகை ஒழுங்காக வருமா என்பதற்காக. இந்த ரெண்டும் எனக்கு நியாயமான கேள்விகள்தான், நான் ஓனராக இருந்தாலும் கேட்பேன். மூன்றாவது, "சொந்த ஊரு எது?" சொன்னால், "அங்க எந்தப் பக்கம்?" அதையும் சொன்னால், அந்த ஊரில் தனக்குத் தெரிந்த ரெண்டு பேர் பெயரைச் சொல்லி "அவங்க உங்களுக்கு வேணுமா?" என்பார்கள். பெரும்பாலும் சாதியைக் கேட்கவே மாட்டார்கள். தெருவைக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்வார்கள். கடைசியில், "கவுச்சி சமைப்பீங்களா?" இது சில தெருக்களில் மட்டும். போர்டிலேயே 'சைவம் மட்டும்' என்று எழுதிவிட்டால் அந்தக் கேள்விக்கும் வேலை இல்லை.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு நண்பர், முஸ்லிம். அவருக்கு வீடு தேட மூன்று மாசம் கூடவே சுற்றினேன். ஒருத்தர்கூட முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லவில்லை. "அடடா, இப்பத்தான் தம்பி, காலையில ஒருத்தர் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனார்." அடுத்த வாரம் அந்த வழியாகப் போனால் போர்டு அப்படியே தொங்கும். மூன்றாவது முறை இந்தப் பதிலைக் கேட்டபோது நண்பர், "காலையில எல்லா வீட்டுக்கும் ஒரே ஆள்தான் போறான் போல" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று பெருமை பேச முடியாது, நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

இந்த இடத்தில் சட்டத்தைத் திறந்து பார்த்தேன். சாதியையோ மதத்தையோ காரணம் காட்டி வீடு தர மறுக்கக் கூடாது என்று 2017 சட்டத்தில் எங்கும் இல்லை. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு கடைகளையும் உணவகங்களையும் கிணறுகளையும் குளங்களையும் சொல்கிறது. தனியார் ஒருவர் தன் வீட்டு மாடியை யாருக்கு விடுவது என்பதற்குள் நுழைவதில்லை. 2005-ல் சுப்ரீம் கோர்ட், ஒரு பார்சி வீட்டுவசதிச் சங்கம் பார்சிகளுக்கு மட்டும்தான் உறுப்பினர் உரிமை என்று வைத்திருந்த விதியைச் செல்லும் என்றே சொன்னது. ஆக, படியில் நிற்க வைத்து நடக்கும் இந்த நேர்காணலுக்குச் சட்டத்தின் பார்வையில் பெயரே கிடையாது. வாடகைச் சட்டம் கையெழுத்துப் போட்ட நிமிஷத்திலிருந்துதான் கண்ணைத் திறக்கிறது. 'டூ லெட்' காட்டும் பாடெல்லாம் புது வீட்டுப் பத்திரத்தில் யாரும் கையெழுத்துப் போடுவதற்கு முந்தினது.

சரி, கையெழுத்துப் போட்ட பிறகாவது சட்டம் கூட வருகிறதா? படத்தில் அதுவும் ஒரு கேள்வி. இதைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

கதை நடக்கும் 2007-ல் அமலில் இருந்தது 1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். குடித்தனக்காரர் பக்கம் நன்றாகவே சாய்ந்த சட்டம் அது. ஓனர் வாயால் "காலி பண்ணு" என்றால் காலி பண்ண வேண்டியதில்லை. வாடகை பாக்கி, உள்வாடகை விடுவது, கட்டடத்தைச் சேதப்படுத்துவது, ஓனருக்கே குடியிருக்க வேண்டும் என்பது, இடித்துக் கட்டுவது என்று சட்டம் அடுக்கிய காரணங்களில் ஒன்றைக் காட்டி வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். கூடுதல் வாடகைக்கு வேறு ஆள் கிடைக்கிறார் என்பது அந்தக் காரணங்களில் இல்லை. வாடகை போதவில்லை என்றால் நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லித்தான் கேட்கலாம். அட்வான்சாக ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்கவும் கூடாது. அதாவது இளங்கோ குடும்பத்தை அந்த அம்மா வெளியே அனுப்பிய விதத்துக்கு அன்றைய சட்டத்தில் ஆதாரமே இல்லை. ஆனால் இளங்கோவும் சரி, அமுதாவும் சரி, ஒரு வக்கீலைப் போய்ப் பார்க்கலாமா என்று ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. இதில் விசேஷம், தியேட்டரில் உட்கார்ந்திருந்த நமக்கும் அது தோன்றவில்லை என்பது.

இதைப் படத்தின் குறை என்று சொல்ல முடியுமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். இல்லை, படத்திலேயே ரொம்ப உண்மையான விஷயம் இதுதான் என்று இப்போது நினைக்கிறேன். 1960 சட்டத்தை யார் உபயோகித்தார்கள் என்று பாருங்கள். பஜாரில் அப்பா காலத்து வாடகையில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்கள். அவர்களால் கேஸ் நடத்த முடியும். ஓனர் வேறு தெருவில் இருப்பார், கடைக்கு நாலு ஷட்டர் போதும், தண்ணீர் வேண்டாம். மாடி போர்ஷன்காரனுக்கு அப்படியா? மோட்டார் ஸ்விட்ச் கீழ் வீட்டில் இருக்கிறது. மொட்டை மாடிச் சாவி கீழ் வீட்டில் இருக்கிறது. கேட்டை ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுகிறவர் அவர்தான். வழக்குப் போட்டுவிட்டு அடுத்த நாள் காலையில் "தண்ணி விடுங்கம்மா" என்று அவரிடம்தான் போய் நிற்க வேண்டும். அத்தியாவசிய வசதிகளை ஓனர் நிறுத்தக் கூடாது என்று புதுச் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. நிறுத்த வேண்டியதில்லையே. மோட்டாரை அரை மணி லேட்டாகப் போட்டால் போதும்.

இதைவிடக் கனமான ஒன்று உண்டு, நம்முடைய பேச்சுவழக்கு. நடுத்தர ஊர்களில் ஓனர் என்பவர் பெரும்பாலும் கம்பெனி இல்லை, ஆள். அதுவும் கீழ் வீட்டிலேயே குடியிருக்கும் ஆள். பெல்லிலோ ரயில்வேயிலோ ரிட்டையர் ஆகி, வந்த பணத்தில் மாடி கட்டி, அந்த வாடகையில் மருந்துச் செலவைப் பார்த்துக்கொள்கிறவர். அவரை அண்ணா, ஐயா என்கிறோம். அவர் வீட்டம்மாவை அம்மா, அக்கா என்கிறோம். அவர்கள் நம்மைத் தம்பி, பாப்பா என்கிறார்கள். பொங்கலுக்குக் கரும்பு வருகிறது, நம் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அந்த அம்மாதான் கஷாயத்தோடு மேலே வருகிறார். இது நடிப்பு இல்லை. கஷாயம் நிஜமானது. ஆனால் 'அம்மா' என்று கூப்பிடுகிறவரிடம் அட்வான்சைத் திருப்பித் தர கெடு என்ன என்று கேட்க நாக்கு வராது. வெளியே போகும்போது கழித்துக்கொண்ட வெள்ளையடிப்புச் செலவுக்குப் பில் கேட்க நாக்கு வராது. முறை சொல்லிக் கூப்பிட்டதிலேயே பாதி உரிமை கரைந்துபோகிறது. அவருக்கும் அதே தொந்தரவுதான். ரெண்டு மாசம் வாடகை தராத தம்பியிடம் கடுமையாகப் பேச முடியாமல், பேச்சையே நிறுத்திவிடுகிற ஓனர்களையும் பார்த்திருக்கிறேன்.

'டூ லெட்' படத்தில் எனக்குக் குறையாகப் படுவது இங்கேதான். வீட்டுக்கார அம்மா அதில் ஒரு கடுமையான குரல். அவ்வளவே. அவர் கஷாயம் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்திருந்தால் படம் இன்னும் வலித்திருக்கும். கெட்ட ஓனரிடமிருந்து வெளியே போவது கஷ்டம், ஆனால் மனசுக்குச் சுலபம். நல்ல ஓனர், மகன் அமெரிக்காவிலிருந்து வருகிறான் என்று தயங்கித் தயங்கிச் சொல்லி, ஒரு மாசத்தில் காலி பண்ணச் சொல்லும்போது எந்தக் கோபமும் துணைக்கு வராது. புத்தூர் வீட்டிலிருந்து நாங்கள் அப்படித்தான் வந்தோம். மகன் வந்தாரா என்று தெரியாது. ரெண்டு மாசம் கழித்து அந்தப் பக்கம் போனபோது மாடியில் வேறு யாருடைய துணியோ காய்ந்துகொண்டிருந்தது. ஒருவேளை மகனுடைய துணியாகவும் இருக்கலாம்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமான படம். அதுவும் காலி பண்ணச் சொல்வதில்தான் தொடங்குகிறது. ஆனால் ஓனரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி நேரத்தை வீணாக்காமல், இனி வாடகையே வேண்டாம் என்று சுதாவைச் சொந்த வீடு கட்ட அனுப்புகிறது. கடைசியில் அந்த நிலம் குடிநீர் வாரியம் ஏற்கெனவே எடுத்துக்கொண்ட நிலம் என்று தெரியவருகிறது. பத்திரம் கையில் இருந்தாலே போதுமா என்று கேட்கும் படம் அது. 'டூ லெட்' பத்திரம் இல்லாதவர்களின் படம். நடுவில் முப்பது வருடம்.

பத்திரம் என்றதும் எங்கள் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். கோர்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ரெடியாக இருக்கும் மாதிரிதான். பெயர், தொகை, தேதி மட்டும் மாறும். முன்பு 20 ரூபாய்ப் பத்திரத்தில் அடிப்பார்கள், இப்போது பத்திர விலை கூடிவிட்டது, வாசகம் மாறவில்லை. '1-ஆம் பார்ட்டி', '2-ஆம் பார்ட்டி', 'ஷை வீடு', 'யாதொரு ஆட்சேபணையுமின்றி', 'சுவாதீனம்'. இந்த மொழியை ஊரில் யாரும் பேசுவதில்லை, ஆனாலும் எல்லோரும் இதில் கையெழுத்துப் போடுகிறோம். ஒரு இலக்கியப் பிரதியைப் படிக்கிற மாதிரி பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் 14 ஷரத்து. அதில் 12-ல் எழுவாய் 2-ஆம் பார்ட்டி, அதாவது நான். வினைமுற்று எல்லாம் 'வேண்டியது'. கட்ட வேண்டியது, வைத்துக்கொள்ள வேண்டியது, ஆணி அடிக்காமலிருக்க வேண்டியது. 1-ஆம் பார்ட்டி எழுவாயாக வருவது ரெண்டே ரெண்டு இடம். ஒன்று, வாடகையை உயர்த்தும் இடம். இன்னொன்று, அட்வான்சைத் 'பாக்கி ஏதுமிருப்பின் கழித்துக்கொண்டு' தரும் இடம். எத்தனை நாளில் என்று இல்லை. எந்த இடத்திலும் கஷாயமும் இல்லை, கவுச்சியும் இல்லை, கேட் பூட்டும் நேரமும் இல்லை. வீட்டை நிஜமாக ஆளும் விதி ஒன்றுகூடத் தாளில் கிடையாது. தாளில் இருப்பதை இதுவரை எங்களில் யாரும் எடுத்துக் காட்டியதும் கிடையாது.

காலம் 11 மாதம். ஏன் 11 என்று கேட்டால் "அப்படித்தான் போடுவாங்க" என்பார்கள். காரணம் எளிது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882-ஆம் வருடத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டமும் 1908-ஆம் வருடத்துப் பதிவுச் சட்டமும் சொல்கின்றன. பதிவுக்குப் போகாமல் இருக்க ஒரு மாசம் குறைத்துக்கொள்கிறோம். 2017 சட்டம் இந்தச் சந்தை அடைத்துவிட்டது. எத்தனை மாசமானாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும், அதற்கென்று இணையதளம்கூட உண்டு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்பது பொது வரம்பு. காலி செய்த ஒரு மாசத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஓனர் வீட்டுக்குள் வர 24 மணி நேரம் முன்பே சொல்ல வேண்டும். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. பழைய ஒப்பந்தங்களை இதற்குள் கொண்டுவரக் கொடுத்த அவகாசத்தை ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டியும் பார்த்தார்கள்.

ஆனால் 21-ஆவது பிரிவைப் படித்தபோது பென்சில் நின்றுவிட்டது. வீட்டைத் திரும்பக் கேட்க ஓனருக்கு இருக்கும் காரணங்களில் முதலாவதே, எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியது. ஒப்பந்தம் போடாதது ரெண்டு பேர் தவறாகவும் இருக்கலாம், ஓனரின் தவறாகவே இருக்கலாம். "பேப்பரெல்லாம் எதுக்கு தம்பி, நமக்குள்ள" என்று சொன்னவர் அவராகவே இருக்கலாம். ஆனால் பேப்பர் இல்லாததன் விலையாக வீடு போவது ஒருத்தருக்குத்தான். பாதுகாப்புக்கு என்று கொண்டுவந்த எழுத்து, இல்லாதபோது ஆயுதமாகிவிடுகிறது. ரெண்டு சம பலமுள்ள பார்ட்டிகள் மேஜையின் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதாகச் சட்டம் கற்பனை செய்துகொள்கிறது. எங்கள் வீட்டில் மேஜை கீழ் வீட்டுக்காரருடையது.

ஓனர்கள் பக்கத்தையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. அவர்களுக்கு ஒரு நிரந்தரப் பயம் உண்டு. "12 வருஷம் இருந்துட்டா வீடு அவனுக்குச் சொந்தமாயிடும்." ஊரெல்லாம் உலவும் இந்த 12 வருடக் கணக்கு, அந்நியர் ஒருவர் உரிமையாளரை எதிர்த்து அனுபவித்து வரும் நிலத்துக்கானது. ஓனரின் சம்மதத்தோடு வாடகை கொடுத்துக் குடியிருப்பவருக்கு அது பொருந்தாது. ஆனாலும் பயம் பயம்தான். 1960 சட்டத்தின் கீழ் வருடக்கணக்கில் இழுத்த வழக்குகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அதனால்தான் மூன்று வருடத்துக்கு ஒருமுறை, நல்ல குடித்தனக்காரர் என்றாலும் மாற்றிவிடுகிறார்கள். 11 மாசக் கணக்கிலும் பாதி இந்தப் பயம்தான்.

'டூ லெட்' தொடாத இன்னொரு விஷயம் ஒத்தி. சென்னையில் 'லீசு' என்பார்கள். மதுரை, திருச்சிப் பக்கம் ஒத்தி என்றால்தான் சட்டென்று புரியும். நாலு லட்சமோ ஆறு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் ரெண்டு மூன்று வருடத்துக்கு வாடகை இல்லை, காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்ப வரும். மாசாமாசம் வாடகை கொடுக்க முடியாத, ஆனால் நகையையோ ஊர் நிலத்தையோ வைத்து ஒரு தொகை புரட்டக்கூடிய குடும்பங்களுக்கு இது தெய்வம் மாதிரி. ஓனருக்கு இது வங்கிக்குப் போகாமல் கிடைக்கும் கடன். மகள் கல்யாணம், கட்டடப் பாக்கி என்று ஏதோ ஒன்றுக்கு அந்தப் பணம் போய்விடும். மூன்று வருடம் கழித்து எங்கிருந்து தருவார்? அடுத்த ஒத்திக்காரர் தரும் பணத்திலிருந்து. அதாவது உங்கள் ஆறு லட்சம் திரும்பி வருவது, ஆறு லட்சம் வைத்திருக்கும் இன்னொருத்தர் அந்த வீட்டைப் பார்த்துப் பிடித்துப்போவதைப் பொறுத்தது. வீடு பார்க்க வருகிறவர்களை முகம் சுளித்துக்கொண்டு வரவேற்கிறார் அமுதா. ஒத்திக் குடித்தனக்காரர் அப்படிச் செய்ய முடியாது. அவரே வீட்டைக் கூட்டிப் பெருக்கி, காபி கொடுத்து, "காத்து நல்லா வருங்க" என்று விற்றுக்காட்டியாக வேண்டும்.

சட்டப்படி ஒத்தி என்பது அனுபவ அடமானம். 1882 சட்டத்தின்படி 100 ரூபாய், அதற்கு மேல் என்றாலே அப்படிப்பட்ட அடமானத்தைப் பதிவுப் பத்திரத்தின் மூலம்தான் செய்ய முடியும். 1882-ல் 100 ரூபாய் பெரிய தொகை. அந்த எண் இன்றும் அப்படியே இருக்கிறது. நான் பார்த்த ஒத்திகளில் பெரும்பாலானவை வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதியவை. லட்சங்கள் அந்தத் தாளில் தொங்குகின்றன. ஓனர் அந்த வீட்டை ஏற்கெனவே வங்கியில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று கேட்கக்கூட ஆள் இல்லை. இதை வைத்து யாராவது ஒரு படம் எடுத்தால் முதல் நாள் முதல் காட்சிக்குப் போவேன்.

மின்சாரக் கணக்கு என்று இன்னொன்று உண்டு. வீடு முழுக்க ஒரே இணைப்பாக இருந்தால், ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை கிடைக்கும் இலவச 100 யூனிட் ஓனருக்கு, யூனிட்டுக்கு எட்டு ரூபாய் சப்-மீட்டர் கணக்கு நமக்கு. மொத்த யூனிட் ஏறுவதால் தன் கட்டண விகிதமும் ஏறுகிறது என்பார் அவர். அதுவும் உண்மைதான். விடுங்கள்.

பழைய தமிழில் வீட்டு வாடகைக்குக் 'குடிக்கூலி' என்று பெயர். குடியிருப்பதற்குக் கொடுக்கும் கூலி. வாடகை என்ற சொல் காருக்கும் பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் பொதுவானது. குடிக்கூலி வீட்டுக்கு மட்டும். 'டூ லெட்' என்பது இங்கிலீஷ்தான், ஆனால் படிக்கத் தெரியாதவர்களுக்கும் அந்த போர்டின் வடிவம் தெரியும். அதைப் படத்துக்குத் தலைப்பாக வைத்தது சரியான தேர்வு. எங்கள் தெருவில் ஆடி மாசம் முழுக்க ஒரு போர்டுகூடத் தொங்காது. ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள். ஆவணி பிறந்ததும் ஒரே வாரத்தில் நாலு முளைக்கும்.

எங்கள் ஒப்பந்தமும் ஆகஸ்ட் 31-ல் முடிகிறது. அட்வான்ஸ் 80,000 ரூபாய் உள்ளே இருக்கிறது. பெண்ணின் பள்ளிக்கூடம் ரெண்டு தெரு தள்ளி. இதையெல்லாம் எழுதிவிட்டுச் சும்மா இருப்பது சரியாகப் படாததால் போன ஞாயிற்றுக்கிழமை கீழே போய் ஓனரிடம் மூன்று விஷயம் கேட்டேன். ஒப்பந்தம் பேச்சுத் தமிழில் இல்லாவிட்டாலும் புரிகிற தமிழில் இருக்கட்டும். அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்று எண்ணில் எழுதிவிடலாம். வாடகை அதிகாரியிடம் பதிந்துவிடலாம். ஐயா கோபப்படவில்லை. முதல் ரெண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதுக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "பதிஞ்சா வரி கிரி ஏதாச்சும் கூடுமா தம்பி?" என்றார். வாடகை வருமானத்துக்கு ஏற்கெனவே உள்ள வரிதான் என்றேன். அந்த அம்மா உள்ளேயிருந்து, "ஏன், தம்பிக்கு நம்ம மேல நம்பிக்கை இல்லையாமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். நான் சொன்ன பதில் அவருக்குக் கேட்டதா தெரியவில்லை, மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

ஆடிட்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்வதாக ஐயா சொல்லியிருக்கிறார்.